மூச்சு திரும்பிவிட்டது, எலும்பு இன்னும் திரும்பவில்லை

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"எனக்கு 38 வயது. நான்கு வருடமாக ஓடுகிறேன், இரண்டு ஹாஃப் மாரத்தான் முடித்திருக்கிறேன். இந்த வருடம்தான் முதல் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். ஆறு மாதப் பயிற்சித் திட்டம். ஆறாவது வாரத்திலேயே வலது கால் முன்னெலும்பில், கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாக வலி ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓடினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்ஆர்ஐயில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது ஓடி ஓடி எலும்பில் விழுந்த மெல்லிய விரிசல், என்று வந்தது. எட்டு வாரம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். ஏழு வாரம் முடிந்துவிட்டது. நடந்தால் வலி இல்லை. சைக்கிளும் தண்ணீருக்குள் ஓட்டமும் விடாமல் செய்வதால் மூச்சு நன்றாகவே இருக்கிறது. மாரத்தானுக்கு இன்னும் பத்து வாரம். அதற்கு முன்னால், நான்கு வாரத்தில், ஒரு 10 கிலோமீட்டர் போட்டியும் இருக்கிறது, அதை ஒத்திகையாக ஓடலாமா? குழுவில் எல்லோரும் போகிறார்கள், பணமும் கட்டியாகிவிட்டது. முழங்காலில் ஆபரேஷன் முடிந்து 17 நாளில் ஓடி ஜெயித்த ஒலிம்பிக் வீராங்கனையின் கதையைச் சொல்லி ஒரு தோழி தைரியம் கொடுக்கிறாள், வலித்தால் மாத்திரை போட்டுக்கொள் என்கிறாள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சாப்பாட்டைக் குறைத்திருந்தேன், அதனாலோ என்னவோ ஐந்து மாதத்தில் இரண்டு முறைதான் மாதவிடாய் வந்தது, அது வேறு விஷயம். நான் ஓடலாமா? கூடாதென்றால் எந்தப் போட்டியை மனதில் வைத்துக்கொள்வது? ஓடாத இந்த நாட்களில் நான் நானாகவே இல்லை. காலில் சின்னதாகச் சுருக்கென்றாலும் பயந்துவிடுகிறேன்."

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். பத்து வாரத்தில் வரும் முழு மாரத்தானை விட்டுவிடுங்கள். நான்கு வாரத்தில் வரும் 10 கிலோமீட்டரையும் விட்டுவிடுங்கள். இதைப் படித்ததும் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிசியோதெரபிஸ்டாகப் பல வருடங்களாக ஓட்டக்காரர்களின் கால்களைப் பார்த்துவருகிறேன், நானும் ஓடுகிறவன், பெயர் கொடுத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த நாட்கள் எனக்கும் உண்டு.

ஆனால் போட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இன்னொன்றைப் பேச வேண்டும். "அது வேறு விஷயம்" என்று போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்களே, அது வேறு விஷயம் இல்லை. உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே சாப்பாட்டைக் குறைத்தால், உடம்பு இருக்கிற கொஞ்ச ஆற்றலை எதற்குச் செலவழிப்பது என்று பார்த்து, இப்போதைக்கு அவசியமில்லை என்று தோன்றுவதை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. முதலில் நிறுத்துபவற்றில் ஒன்று மாதவிடாய். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகிற சமிக்ஞை குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் அளவுக்கு மீறி வேலை செய்யாமல் பிடித்துவைத்திருப்பது இந்த ஈஸ்ட்ரோஜன்தான். அது இல்லாதபோது கரைப்பு கூடுகிறது, கட்டுவதற்கோ பொருளும் ஆற்றலும் போதவில்லை, அதற்கு மேல் வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் வேறு. எலும்பு எங்காவது விட்டுக்கொடுக்கத்தானே செய்யும்?

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்கு ரெட்-எஸ் என்று பெயர் கொடுத்தது. உழைப்புக்கு ஏற்ற ஆற்றல் உடம்புக்குக் கிடைக்காத நிலை என்று பொருள். இது ஆண்களுக்கும் வரும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், ஆனால் காட்டிக்கொடுக்க மாதவிடாய் மாதிரி ஓர் அறிகுறி இல்லாததால் வெளியே தெரியத் தாமதமாகும். ஒல்லியாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பதும் தப்பு, எடை சாதாரணமாக இருக்கும்போதே வரலாம். அதனால் இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் போய், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரையும் மாதவிடாயையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். எலும்பு டாக்டரிடம் காலைப் பற்றியும் மகளிர் டாக்டரிடம் மாதவிடாயைப் பற்றியும் தனித்தனியாகச் சொன்னால் இரண்டும் ஒன்றோடொன்று சேராமலே போய்விடும், அப்படிப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கர்ப்பம், தைராய்டு போன்ற மற்ற காரணங்கள் இருக்கின்றனவா என்று அவர்கள் பார்ப்பார்கள், வைட்டமின் டி பார்ப்பார்கள், தேவைப்பட்டால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுப்பார்கள். ஹார்மோன் மாத்திரை போட்டு மாதாமாதம் ரத்தப்போக்கை வரவழைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அதனால் எலும்புக்குப் போய்ச் சேரவேண்டிய ஆற்றல் போய்ச் சேர்ந்துவிடாது, பிரச்சினை மறைந்துகொள்ளும், அவ்வளவுதான். முதல் மருந்து சாப்பாடு. காயம் ஆறுகிற காலத்தில் ஓடவில்லையே என்று இன்னும் குறைக்கிறவர்கள் நிறைய பேர், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எலும்பு கட்டுவது சும்மா நடக்கிற வேலை இல்லை.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது முதலில் அடிபட்ட பகுதியைக் கரைத்து எடுக்கிறது, அதற்குச் சுமார் மூன்று வாரம். அப்புறம் அந்தக் குழியில் புதிய எலும்பைக் கட்டுகிறது, அதற்குச் சுமார் மூன்று மாதம். அதன் பிறகும் அது கெட்டிப்பட இன்னும் பல மாதம் பிடிக்கும். எட்டாவது வாரத்தில் உங்களுக்கு வலி இல்லை என்றால், எலும்பு நடைக்குப் போதுமான அளவு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். 42.195 கிலோமீட்டருக்கு அது தயார் என்று அர்த்தம் இல்லை. பூச்சு காய்ந்துவிட்ட சுவரின் மேல் உடனே இன்னொரு மாடி கட்ட மாட்டோம் இல்லையா.

உங்களிடம் பத்து வாரம் இருக்கிறது. ஒரு வாரம் ஓய்வு பாக்கி, ஆக ஒன்பது. கொஞ்சம் நடை கொஞ்சம் ஓட்டம் என்று ஆரம்பித்து, நடுவில் எந்தத் தடங்கலும் வராமல் இருந்தால், முப்பது நிமிடம் நிற்காமல் மெதுவாக ஓடுகிற நிலைக்கு வர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். மிச்சம் மூன்று. அதிலும் போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் பயிற்சியைக் குறைக்க வேண்டிய வாரங்கள். ஆக, நான்கைந்து கிலோமீட்டரிலிருந்து நாற்பத்திரண்டுக்குப் போக உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாரம். இதை ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள், நான் சொல்வதைவிட அந்தத் தாள் தெளிவாகச் சொல்லும். 10 கிலோமீட்டர் போட்டியும் இதே கதைதான், அது வரும்போது நீங்கள் இன்னும் கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடக்கிற கட்டத்தில்தான் இருப்பீர்கள்.

மூச்சு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், நம்புகிறேன். எனக்குக் கவலையே அங்கேதான். நல்ல பயிற்சியில் இருந்தவர்களை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி 1984இல் ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு முதல் 21 நாளில் 7 சதவீதம்தான் குறைந்தது, 56 நாளில் 16 சதவீதம் வரை குறைந்து, அதோடு நின்றுவிட்டது. நீங்களோ எதையும் நிறுத்தவே இல்லை, சைக்கிளும் தண்ணீர் ஓட்டமும் உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் அப்படியே வைத்திருக்கின்றன. தண்ணீரில் எலும்புக்கு ஒரு அடியும் விழாது, அதனால்தான் அது பாதுகாப்பு. ஆனால் அதே காரணத்தால் எலும்புக்கு ஒரு பயிற்சியும் கிடைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் அடுத்த காயம் காத்துக்கொண்டிருக்கிறது. முதல் நாள் ஓடும்போது மூச்சே வாங்காது, காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும், கையில் கட்டிய வாட்ச் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு நீங்கள் இன்னும் நிறைய ஓடலாம் என்று சொல்லும். வாட்சுக்கு முன்னெலும்பைப் பற்றி எதுவும் தெரியாது. இந்த முதல் மூன்று வாரத்தில் நீங்கள் நிறுத்த வேண்டிய இடம் எப்போதும் நிறுத்தத் தோன்றாத இடமாகவே இருக்கும்.

உங்கள் தோழி சொன்ன கதை உண்மைதான். ஜோன் பெனாய்ட் 1984 ஏப்ரலில் முழங்காலில் ஆர்த்ரோஸ்கோப்பி (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற அறுவை) செய்துகொண்டு, 17 நாள் கழித்து அமெரிக்காவின் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஜெயித்தார். ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில், ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று முதல்முறையாக நடந்த மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். ஆனால் அவருக்கு நடந்தது முழங்காலுக்குள் தடங்கல் செய்த ஒரு மென்திசுவை எடுக்கிற சின்ன அறுவை, அவருக்கு எலும்பு முறிவே இல்லை. உங்களுக்குப் பொருந்துகிற கதை பவுலா ராட்க்ளிஃப் உடையது. 2003இல் 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடி உலக சாதனை வைத்தவர் அவர். 2008 மே மாதம் தொடை எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக். போதிய ஓட்டம் இல்லாமலே போய் நின்றார், 23ஆவதாக வந்தார். அவரிடம் டாக்டர்களுக்கும் வசதிகளுக்கும் குறைவே இருந்திருக்காது, ஆனாலும் அந்த மூன்று மாதத்தைச் சுருக்க முடியவில்லை. அதே ராட்க்ளிஃப் அந்த நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் ஜெயித்தார். காலம் கொடுத்ததும் அதே கால் ஓடியது. உங்கள் தோழியிடம் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயத்தில் எனக்கு ஒரே பதில்தான், வேண்டாம். ஆறிக்கொண்டிருக்கிற எலும்பில் வலி என்பது உங்களிடம் இருக்கிற ஒரே எச்சரிக்கை மணி, அதன் வாயை அடைத்துவிட்டு ஓடுவது பெரிய ஆபத்து. இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் எலும்பு ஒட்டுவதையே தாமதப்படுத்தலாம் என்ற சந்தேகமும் இருக்கிறது, நீண்ட ஓட்டத்தில் உடம்பு நீர் வற்றியிருக்கும்போது அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கின்றன.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். எட்டு வாரம் முடிந்ததும் காலண்டரைப் பார்த்து ஓடாதீர்கள், காலைக் கேளுங்கள். முப்பது நிமிடம் வேகமான நடை, தொடர்ந்து ஐந்து நாள், நடக்கும்போதும் அன்று இரவும் மறுநாள் காலையும் வலி இல்லாமல் இருக்க வேண்டும். எலும்பின் மேல் வலித்த அந்த இடத்தை விரலால் அழுத்தினால் இடது காலை அழுத்தினால் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இருக்க வேண்டும், கூசினால்கூட இன்னும் நேரம் இருக்கிறது. அப்புறம் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், இடது காலில் எத்தனை முடிகிறதோ அதற்குக் கிட்டத்தட்ட வலதிலும் முடிய வேண்டும், இருபதைத் தாண்டினால் நல்லது. ஓடும்போது கெண்டைச்சதையின் உள்ளடுக்கு உடல் எடையைப் போல ஆறிலிருந்து எட்டு மடங்கு விசையைத் தாங்குகிறது, அது சோர்ந்தால் எலும்பு அதிகமாக வளைகிறது. ஓய்வில் இருந்த ஏழு வாரத்தில் இந்தத் தசையும் வற்றியிருக்கும், அதனால் ஓட்டத்தை ஆரம்பிக்கும் முன்னால் இதை ஆரம்பியுங்கள், டாக்டர் சம்மதித்தால் இன்றே. இவை எல்லாம் தேறிய பிறகு, கடைசியாக, வலது காலில் மட்டும் பத்து முறை லேசாகக் குதித்துப் பாருங்கள்.

இதெல்லாம் தேறினால் ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, இப்படி ஆறு முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு முறை வலியில்லாமல் போனால் அடுத்த படி, இரண்டு நிமிடம் ஓட்டம் மூன்று நிமிடம் நடை. இப்படியே ஏறிக்கொண்டு போங்கள். சமதளம் மட்டும், வேகம் கிடையாது. அடிகளைச் சின்னதாக, வழக்கத்தைவிட ஐந்து முதல் பத்து சதவீதம் அடிக்கடி வைக்கப் பழகுங்கள், ஒவ்வொரு அடியிலும் முழங்காலும் முன்னெலும்பும் வாங்கும் சுமை குறையும். தூரம் முதலில், வேகம் கடைசியில், இறக்கம் அதற்கும் பிறகு. இறக்கத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், ஒன்பது டிகிரி இறக்கத்தில் ஓடும்போது பாதம் தரையில் மோதுகிற விசையின் உச்சம் சமதளத்தைவிட 54 சதவீதம் கூடியதை ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். இறக்கம் மூச்சுக்குச் சுலபம் என்பதால் காலுக்கும் சுலபம் என்று நினைத்துவிடுகிறோம்.

இன்னொரு தகவல், எனக்கு மிகவும் பிடித்தது. எலும்புக்குள் இருக்கிற செல்கள் சுமையை உணர்ந்துதான் எலும்பைக் கட்டச் சொல்கின்றன, ஆனால் அவை சீக்கிரமே கேட்பதை நிறுத்திவிடும். அடுத்தடுத்து சில டஜன் அடிகள் விழுந்ததும் அதற்கு மேல் விழும் அடிகளுக்குப் பெரிதாகப் பதில் சொல்வதில்லை, சில மணி நேரம் இடைவெளி விட்டால் மறுபடியும் காது கொடுக்கின்றன. எலிகளில் செய்த ஆய்வுகளில், ஒரே அளவு சுமையை நான்காகப் பிரித்துக் கொடுத்தபோது எலும்பு கூடுதலாக வலுப்பட்டது. அதனால் பிற்பாடு உங்களால் நாற்பது நிமிடம் ஓட முடிகிறபோது, சில நாட்கள் அதைக் காலையில் இருபது, மாலையில் இருபது என்று பிரித்துப் பாருங்கள்.

ஓட்டத்தை வாரத்துக்கு 10 சதவீதம் மட்டும் கூட்டு என்ற பழைய விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதிதாக ஓட வந்த ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களை வைத்து 2008இல் செய்த ஆய்வில், அந்த விதிப்படி ஓடியவர்களும் அப்படி ஓடாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காயப்பட்டார்கள், இரண்டு பக்கமும் ஐந்தில் ஒருவர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2025இல் வந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது: கடந்த முப்பது நாளில் நீங்கள் ஓடிய அதிகபட்ச தூரத்தை ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் காயம் கூடுகிறது. வாரக் கணக்கைவிட இது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களும் ஒரு குறிப்பிட்ட நாளைத்தான் சொல்கிறார்கள். "அன்றைக்கு நன்றாக இருந்தது, கொஞ்சம் கூட ஓடிவிட்டேன்."

பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுருக் சுருக்கென்று வருவதெல்லாம் முறிவு இல்லை, ஏழு வாரம் சும்மா இருந்த தசையும் தசைநாரும் முனகத்தான் செய்யும். எனக்கு உதவிய முறை மூன்று கேள்விகள்: ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடமா, அல்லது உள்ளங்கை அளவுக்குப் பரவியிருக்கிறதா? ஓட ஓடக் குறைகிறதா, கூடுகிறதா? மறுநாள் காலை இருக்கிறதா? ஒரே இடம், கூடுகிறது, காலையிலும் இருக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்துங்கள், இரண்டு நாள் வலியில்லாமல் நடந்த பிறகு ஒரு படி கீழே இறங்கி ஆரம்பியுங்கள், திரும்ப வந்தால் டாக்டர். மற்றவற்றை ஒரு நோட்டில் எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டு வாரம் எழுதினால் அந்த நோட்டே உங்களுக்குத் தைரியம் கொடுக்கும்.

இங்கே மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த இடத்தில் பெரிய குழப்பம் நடக்கிறது. குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநாரில் காயம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் வலியோடு ஓடலாம் என்று நாங்களே சொல்வோம், பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் கூடக்கூடாது என்பது அந்தக் கணக்கு. தசைநாருக்குச் சுமைதான் மருந்து. எலும்பு முறிவுக்கு இந்தக் கணக்கு இல்லவே இல்லை, அங்கே அனுமதிக்கப்பட்ட வலி பூஜ்யம். ஒருவருக்குச் சொன்ன ஆலோசனையை அதே குழுவில் இன்னொருவர் எடுத்துக்கொண்டு ஓடிக் காலை உடைத்துக்கொள்கிறார்கள். அதேபோல, ஓடும்போது தொடை இடுக்கில் ஆழமாக வலித்தாலோ, பாதத்தின் மேல்மேட்டில் ஒரே இடத்தில் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போது எலும்பு வலித்தாலோ, காத்திருக்க வேண்டாம். இடுப்போடு சேருகிற இடத்தில் உள்ள தொடை எலும்பின் கழுத்தும், பாதத்தின் மேல்மேட்டில் உள்ள நாவிக்குலர் எலும்பும் சரியாக ஆறாமல் படுத்தக்கூடியவை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று நிம்மதியடையவும் வேண்டாம், முதல் இரண்டு மூன்று வாரத்தில் அதில் பெரும்பாலும் தெரியாது, இந்த வாசகிக்கும் அப்படித்தான் ஆனது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, எந்தப் போட்டி. நாம் எல்லோரும் போட்டியின் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பழகிவிட்டோம், பதினெட்டு வாரம், பதினாறு வாரம் என்று. காயத்திலிருந்து வருகிறவர் முன்னோக்கி எண்ண வேண்டும். முப்பது நிமிடம் நிற்காமல், வலியில்லாமல், ஒரே வாரத்தில் மூன்று முறை ஓடிய நாள்தான் உங்கள் முதல் நாள். அது வரும் வரைக்கும் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்காதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். அந்த நாளிலிருந்து எட்டு முதல் பத்து வாரம் தள்ளி ஒரு 10 கிலோமீட்டர். ஐந்தாறு மாதம் தள்ளி, மாதவிடாயும் ஒழுங்காகி, சாப்பாடும் சரியாக இருந்தால், ஒரு ஹாஃப். முழு மாரத்தான் அடுத்த வருடம், அந்த ஹாஃபை முடித்த பிறகு உட்கார்ந்து பேசுகிற விஷயம்.

5 கிலோமீட்டர்தானே, சின்னதுதானே என்று அங்கே ஆரம்பிக்க நினைப்பீர்கள். தூரம் சின்னது, ஆனால் 5 கிலோமீட்டரை யாரும் மெதுவாக ஓடுவதில்லை. வேகம் கூடக் கூட ஒவ்வொரு அடியிலும் கெண்டைச்சதையும் முன்னெலும்பும் வாங்குவது கூடுகிறது. முதல் போட்டியாக, பேசிக்கொண்டே ஓடி முடிக்கிற ஒரு 10 கிலோமீட்டர், உயிரைக் கொடுத்து ஓடுகிற 5 கிலோமீட்டரைவிட உங்கள் காலுக்கு இதமானது. பேசிக்கொண்டே ஓட முடியாது, கூட்டத்தைப் பார்த்தால் கால் தானாக வேகமெடுக்கும் என்று உங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தால், அதையும் இன்னும் தள்ளிப்போடுங்கள்.

பாதையை எப்படிப் பார்ப்பது? சுற்றிச் சுற்றி வருகிற பாதையாக இருந்தால் மிக நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் பையையும் வீட்டாரையும் தாண்டித்தான் போவீர்கள், வலித்தால் நின்றுவிட முடியும். ஒரு முனையில் ஆரம்பித்து இன்னொரு முனையில் முடிகிற பாதையில், நடுவில் வலி வந்தால்கூட முடிக்கிற இடத்துக்குப் போய்ச் சேர ஓடித்தான் ஆக வேண்டும் என்று மனம் கணக்குப் போடும். ஏற்ற இறக்கப் படத்தைப் பாருங்கள், மொத்தத்தில் கீழே இறங்குகிற பாதை நல்ல நேரம் கொடுக்கும் என்று ஆசைகாட்டும், உங்களுக்கு அது இப்போது ஆகாது. பாஸ்டன் மாரத்தான் பாதை மொத்தத்தில் இறங்குவதுதான், இருந்தும் அங்கே தொடை வெந்து போகிறவர்கள் அநேகம். கட்-ஆஃப் நேரம் தாராளமாக இருக்கட்டும், நடந்தே போனாலும் முடிக்கிற அளவுக்கு. பயணம் செய்து, அறை எடுத்து, லீவு போட்டுப் போகிற போட்டி வேண்டாம். அவ்வளவு ஏற்பாடு செய்துவிட்டு ஆரம்பக் கோட்டில் காலில் வலி இருந்தால் திரும்பி வருகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. திரும்பி வருவது சுலபமாக இருக்கிற போட்டிதான் இப்போது உங்களுக்கு நல்ல போட்டி.

கட்டிய பணத்தைப் பொறுத்தவரை, நடத்துகிறவர்களின் விதிகளை இன்றே படித்துப் பாருங்கள். சில போட்டிகளில் அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருவார்கள், சிலவற்றில் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சிலவற்றில் இன்னொருவர் பெயருக்கு முறைப்படி மாற்றலாம், எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு, அது பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட முன்னால் இருக்கும். எதுவுமே இல்லை என்றால் அந்தப் பணம் ஓடினாலும் போனது, ஓடாவிட்டாலும் போனது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள், உங்கள் நம்பரைச் சும்மா ஒரு தோழியிடம் கொடுத்து ஓடச் சொல்லாதீர்கள். வழியில் அவர் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழுவின் கையில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் வயதும்தான்.

ஓடாத நாட்களில் நான் நானாக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு எனக்கு ஒரு வரியில் பதில் தெரியாது. என் அக்கிலிஸ் பழுதானபோது நான் ஐந்து வாரம் முன்னதாகவே ஒரு ஹாஃப் மாரத்தானில் போய் நின்றேன், இவ்வளவு நாள் ஓடாமல் இருந்தது தாங்க முடியாமல்தான். அதற்கு விலையாக ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதத்தில் எனக்குத் தெரிந்தது, நான் ஏங்கியது ஓட்டத்துக்கு மட்டும் இல்லை, விடியற்காலையில் எழுந்து போய்ச் சேர ஓர் இடமும், அங்கே பேச நாலு பேரும் இருந்ததற்கு. அந்த நேரத்தையும் அந்த ஆட்களையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் குழு ஓடுகிற காலை நேரத்தில் அதே இடத்துக்குப் போய், அவர்கள் ஓடி வருவதற்குள் உங்கள் குதிகால் பயிற்சியையும் நடை ஓட்டத்தையும் முடியுங்கள், அப்புறம் சேர்ந்து உட்காருங்கள். போட்டி நாளில் போய் அவர்களுக்குக் கை தட்ட முடிந்தால் போங்கள். முடியாது, பார்த்தால் அழுகை வரும் என்றால் போகாதீர்கள், அதில் தப்பொன்றும் இல்லை, அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள், ஓடுகிறவர்களுக்கு இது புரியும்.

டாக்டரைப் பார்க்கும்போது கடைசி ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளையும், காயத்துக்கு முந்தைய எட்டு வாரம் எவ்வளவு ஓடினீர்கள் என்பதையும், எதையெல்லாம் சாப்பிடாமல் விட்டீர்கள் என்பதையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும், முப்பது நிமிட நடை ஐந்து நாள் எப்படிப் போனது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், முதல் ஓட்டத்தை என்றைக்கு வைத்துக்கொள்வது என்று அப்போது பேசலாம்.